ஒன்றேகால் கிலோ

என் அக்காள் வால்புர்காவைக் கேட்டு மைன்ராட் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று முதலில் போய்ப் பார்த்தது தொழுவத்தை. அக்காள் காலையிலேயே தலைசீவி, கஞ்சிபோட்ட வெள்ளை ஏப்ரனை இடுப்பில் கட்டிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். அவர் மாட்டின் பல்லைப் பார்த்தார். மடியைத் தடவினார். கூரையில் எத்தனை பலகை உளுத்திருக்கிறது என்று அண்ணாந்து எண்ணினார். கடைசியில் எங்கள் அப்பாதான் போய், "தம்பி, பொண்ணு வீட்டுக்குள்ள இருக்கு" என்று கையைப் பிடித்து அழைத்துவந்தார்.

நாற்பது வருஷம் கழித்தும் அக்காள் இதைச் சொல்லிக்காட்டுவாள். "என்னைப் பார்த்தது அஞ்சு நிமிஷம். பழுப்பு மாட்டைப் பார்த்தது முக்கால் மணி நேரம்."

"மாட்டுல குறை இருந்தா வெளியே தெரியாது. நிதானமாத்தான் பார்க்கணும்" என்பார் அத்தான்.

"என் குறை?"

"அது அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுபோச்சு."

எங்கள் மலையூரில் மைன்ராட் என்ற பெயரில் அப்போது மூன்று பேர் இருந்தார்கள். தபால் கொண்டுவந்த மைன்ராட் ஒருவர். ஒற்றைக் கண் மைன்ராட் ஒருவர். அவருக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும், அவருடைய தாத்தாவுக்குத்தான் ஒன்று போயிற்று. மூன்றாவது எங்கள் அத்தான், கணக்கு மைன்ராட். அவருடைய அப்பா ஆல்பான். ஆல்பானின் தங்கை ஜெனோவேவா. ஜெனோவேவாவின் மகள் ஒட்டிலியா. இந்தக் கதைக்கு இவ்வளவு உறவு போதும். ஜெனோவேவா மூன்று பேரைக் கட்டி மூன்று பேரையும் புதைத்தவள், அந்தப் பக்கம் திரும்பினால் இன்று வீடு வந்து சேர முடியாது.

அத்தானுக்குக் கணக்கு என்ற பேர் சும்மா வரவில்லை. சட்டைப்பையில் கறுப்பு அட்டை நோட்டு ஒன்று எப்போதும் இருக்கும். மாடு தின்ற தவிடு, மருத்துவர் போட்ட ஊசி, அறுவடை இயந்திரத்துக்கு ஊற்றிய பெட்ரோல், எல்லாம் அதில் ஏறும். எதைப் பார்த்தாலும் அவர் வாயில் வரும் கேள்வி ஒன்றுதான்: "இதுல என்ன தேறும்?" தேவாலயத்துக்குப் புதுமணி வாங்கியபோது பாதிரியாரிடமே அப்படிக் கேட்டார். பாதிரியார் ஒரு வாரம் இவரைப் பார்த்தால் வேறு வழியில் போனார்.

காலை நாலரைக்கு எழுந்து ஐந்து மாட்டைக் கறப்பார். ஆறு மணி பஸ்ஸில் கீழே பள்ளத்தாக்குக்குப் போய் ஆலையில் நாளெல்லாம் இரும்பு கடைவார். மாலை திரும்பி வந்து மறுபடி கறப்பார். எங்கள் லீக்டன்ஸ்டைன் நாட்டில் அந்தக் காலத்து ஆண்கள் பாதிப்பேர் இப்படித்தான் இருந்தார்கள், பகலில் ஆலைக்காரர்கள், விடியலிலும் அந்தியிலும் மாட்டுக்காரர்கள். ஆலைச் சம்பளம் மாட்டுக்குப் போகும். மாடு தந்த பால் கீழே பண்ணைக்குப் போகும். பண்ணை தந்த காசு புல் அறுக்கும் இயந்திரத்துக்குப் போகும். இயந்திரம் அறுத்த புல் மறுபடி மாட்டுக்குப் போகும்.

"எல்லாம் போயிட்டே இருக்கு. நம்ம வீட்டுல ஏதாவது நிக்குதா?" என்று அக்காள் கேட்பாள்.

"சாணி நிக்குது" என்பார்.

ஒரு லிட்டர் பாலுக்கு அவருக்கு ஆகிற செலவு ஒரு ஃபிராங்க் அறுபத்திரண்டு ராப்பன். தன் உழைப்புக்கு ஒரு ராப்பன்கூடப் போடாமல் வந்த கணக்கு அது. பண்ணை தந்ததோ முழுசாய் ஒரு ஃபிராங்க்கூட இல்லை. மிச்சத்தை அரசாங்கம் ஈடுகட்டியது. மாட்டுக்கு இவ்வளவு, கோடையில் மேய்ச்சலுக்கு ஏற்றினால் இவ்வளவு, சரிவான நிலத்தில் புல் அறுத்தால் இவ்வளவு. சரிவு எவ்வளவு செங்குத்தோ பணமும் அவ்வளவு. ஒருமுறை அதை அளக்கத் தலைநகர் வாடுஸிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பாவம், டவுன் செருப்பு. கருவியைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் வழுக்கி, உட்கார்ந்த வாக்கிலேயே வேலிவரைக்கும் போனார். அத்தான் மேலே நின்றபடி நோட்டைத் திறந்தார். "ஐயா, அடிபடலையே? அப்ப இன்னும் ரெண்டு டிகிரி சேர்த்துப் போட்டுக்குங்க" என்றார். அதிகாரி போட்டுக்கொடுத்தார்.

ஒட்டிலியா இதற்கெல்லாம் நேர் எதிர். அத்தானைவிட இரண்டு மாதம் மூத்தவள். புருஷன் போய்ப் பத்து வருஷம். இரண்டே மாடு. நோட்டும் கிடையாது, கணக்கும் கிடையாது. பால் விற்ற காசு தகரடப்பாவில் கிடக்கும், வேண்டியபோது கையை விடுவாள், ஒன்றும் அகப்படாவிட்டால் சிரிப்பாள். ஆனால் அவள் தொழுவச்சுவரில் ஏழு இதயம் தொங்கியது.

அதைச் சொல்லவேண்டும். ஜூனில் ஊர் மாடெல்லாம் குல்மி என்ற மலைமேய்ச்சலுக்கு மேலேறும். செப்டம்பரில் இறங்கும். நடுவில் நான்கு நாள் பால் அளப்பார்கள். அன்று சொந்தக்காரர்கள் மேலே போய்த் தங்கள் மாட்டைத் தாங்களே கறக்கவேண்டும். அந்த அளவை வைத்துத்தான் கோடைப் பாலாடைக்கட்டியில் யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பார்கள். நான்கு அளவையும் கூட்டி, மேய்ச்சலைவிட்டு உயிரோடு இறங்குகிற மாடுகளில் அதிகம் கறந்தது எதுவோ, அதற்கு நெற்றியில் சிவப்புச் சாயம் பூசிய மரஇதயம். மற்ற மாடுகளுக்குக் காகிதப்பூ. ஊர்வலம் முடிந்ததும் இதயத்தை அந்த வீட்டுத் தொழுவச்சுவரில் அடிப்பார்கள். மழைபட்டு வெளுத்து உதிரும்வரை அது அங்கேயே இருக்கும்.

அத்தானுக்கு ஒன்றுகூட வந்ததில்லை. "ரெண்டு ஃபிராங்க் பலகை. அதுக்கு அரை ஃபிராங்க் சாயம்" என்று முப்பது வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மைன்ராடு, உன் கணக்குப்படி பார்த்தா நிறையக் கறக்க கறக்க நஷ்டம் ஏறும் இல்லையா?" என்று வேலியில் கைவைத்துக்கொண்டு ஒட்டிலியா கேட்பாள்.

"ஆமா."

"அப்ப உன் மாடுங்கதான் ஊர்லயே நல்ல மாடு. நஷ்டமே பண்றதில்ல."

அத்தான் உள்ளே போய்விடுவார். அன்று மாட்டுக்கு ஒரு படி தவிடு கூடுதலாக விழும். அது மட்டும் நோட்டில் ஏறாது என்று அக்காள் என்னிடம் சொன்னாள்.

எண்பத்தேழாம் வருஷம் அத்தானிடம் பெர்லா என்ற மாடு வந்தது. சாம்பல் பழுப்பு, அகலமான முதுகு, கண்ணைச் சுற்றி மாவு தடவியதுபோல வெள்ளை. வாங்கிய விலையை அக்காளிடம் நூறு ஃபிராங்க் குறைத்துச் சொன்னார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, மனுஷன் விழுந்துவிட்டார் என்று.

அந்தக் கோடையில் அளவுநாள் வந்தபோதெல்லாம் ஆலைக்கு விடுப்புப் போட்டார். சம்பளம் போகிற விடுப்பு. முந்தின சாயங்காலமே உப்புக்கட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மேலே ஏறுவார். உப்பு நக்கினால் தண்ணீர் குடிக்கும், தண்ணீர் குடித்தால் பால் ஏறும். மேய்ப்பன் லோரன்ஸ் இதைப் பார்த்துவிட்டு, "மாமா, நோட்டு இருந்த பையில உப்பு இருக்கே" என்றான்.

"மூலதனம்" என்றார் அத்தான்.

முதல் அளவில் பெர்லா முதலிடம். இரண்டாம் அளவில் ஒட்டிலியாவின் ஃபூக்ஸி முதலிடம். ஃபூக்ஸி செம்பட்டை நிறத்து ஒல்லி மாடு, ஒரு கொம்பு கீழ்நோக்கி வளைந்திருக்கும். பார்த்தால் பத்து ஃபிராங்க் தரமாட்டீர்கள். ஒட்டிலியா அதன் விலாவில் தலையைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஏதோ முனகியபடி கறப்பாள். பாத்திரம் நிரம்பிக்கொண்டே இருக்கும். மூன்றாம் அளவு சமம். நான்காம் அளவு முடிந்து, மேய்ச்சல் தலைவர் எங்கல்பெர்ட் பால் நோட்டில் கூட்டிப் பார்த்துச் சொன்னார். "ஃபூக்ஸி எழுபத்தொன்றரை. பெர்லா எழுபதேகால்."

ஒன்றேகால் கிலோ வித்தியாசம். அத்தான் நோட்டை வாங்கி மூன்று முறை தானே கூட்டினார். மூன்று முறையும் அதேதான் வந்தது.

"வேணும்னா பெருக்கிப் பாரு" என்றாள் ஒட்டிலியா.

அன்றிரவு வீட்டில் சாப்பாட்டு மேஜையில் அக்காள் பாலாடைக்கட்டி போட்ட மாவுருண்டையும் ஆப்பிள் கூழும் வைத்தாள். அத்தானுக்குப் பிடித்த சாப்பாடு. தட்டைத் தள்ளிவிட்டார்.

"ரெண்டு ஃபிராங்க் பலகைதானே?" என்றாள் அக்காள்.

"இதயம் வாங்கின மாட்டுக் கன்னுக்கு ஐந்நூறு ஃபிராங்க் கூட வைச்சுக் கேட்கலாம். அந்தக் கணக்குக்குத்தான் சொல்றேன்" என்றார்.

"பெர்லா கன்னை விக்கப் போறியா?"

"யார் விப்பா அதை!" என்று சொல்லிவிட்டு, தான் சொன்னது தன் காதிலேயே விழுந்து, முகம் சிவந்து எழுந்துபோனார்.

இறங்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்னால் ஃபூக்ஸி விழுந்தது.

காலை ஒன்பது மணி இருக்கும். மேய்ச்சலின் கீழ்க்கோடியில் எல்லைச்சுவர். இடுப்பளவு கல்லடுக்கு. அதைத் தாண்டினால் பாறைச்சரிவு, அதன் அடியில் ஒட்டிலியாவுக்குச் சொந்தமான புல்வெளி. முந்தின நாள் மழையில் சுவரில் நான்கு கல் பெயர்ந்திருந்தது. கீழே ஒட்டிலியாவின் நிலத்தில் இரண்டாம் புல் பச்சையாய் முளைத்திருந்தது. ஃபூக்ஸி இதையும் பார்த்தது, அதையும் பார்த்தது. லோரன்ஸ் கத்தினான். அதற்குள் கால் வழுக்கிவிட்டது.

நாங்கள் எல்லாம் பூ கட்டுவதற்கென்று அன்று மேலே போயிருந்தோம். லோரன்ஸ் சுற்றுவழியில் ஓடிப் போய்ச் சேரப் பத்து நிமிஷம் ஆயிற்று. அவன் போனபோது மாட்டுக்கு மூச்சு இருந்தது. தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. ஒட்டிலியா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அழவில்லை. கழுத்திலிருந்து அவிழ்த்த மணியை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு, பால் காய்ச்சும் குடிசையில் அடுப்போரம் உட்கார்ந்தாள்.

மதியம் எல்லோரும் அந்தக் குடிசையில் கூடினார்கள். பாலாடைக்கட்டி செய்கிறவன் சோளமாவைக் கிளறி வைத்தான், நாங்கள் அதைக் காபியில் நனைத்துத் தின்றோம். யாரும் ஒட்டிலியாவை நேராகப் பார்க்கவில்லை. மூலையில் இரண்டு பெரிய பெட்டி நிறையக் காகிதப்பூ. லோரன்ஸும் அவன் தம்பியும் ஜூலையிலிருந்து செய்தவை. சிவப்பு இதயம் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. சாயம் இன்னும் கையில் ஒட்டியது.

எங்கல்பெர்ட் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வழக்கம் எல்லாருக்கும் தெரியும். மேய்ச்சல்ல ஒரு மாடு செத்துப்போனா அந்த வருஷம் பூ கிடையாது, இதயம் கிடையாது. வெறுங்கழுத்தோட இறங்கணும். ஒட்டிலியாவுக்குப் பொதுநிதியில இருந்து மூவாயிரத்து இருநூறு ஃபிராங்க். அவ்வளவுதான்."

லோரன்ஸ் பூப்பெட்டியைப் பார்த்துக்கொண்டே, "சரி மாமா" என்றான். அழுதுவிடுவான்போல இருந்தது.

அப்போதுதான் அத்தான் எழுந்தார். அவர் கையில் நோட்டு இருந்தது. அக்காள் என் முழங்கையைக் கிள்ளினாள். "ஐயோ, ஆரம்பிக்கிறார்டி."

"அண்ணே, ஒரே ஒரு சந்தேகம். மாடு விழுந்தது எங்கே?"

"மேல. சுவர்கிட்ட."

"செத்தது?"

எங்கல்பெர்ட் லோரன்ஸைப் பார்த்தார். லோரன்ஸ், "கீழதான். நான் போனப்போ கண்ணைத் திறந்து பார்த்துச்சு" என்றான்.

"வாயில ஏதாவது இருந்துச்சா?"

"இருந்துச்சு மாமா. புல்லு."

"என்ன புல்லு? நம்ம மேய்ச்சல் புல்லா, கீழ இருக்கற மூவிலைப் புல்லா?"

"மூவிலைதான். பச்சையா."

"ஆக," என்று அத்தான் நோட்டை மூடினார். "கீழ போய்ச் சேர்ந்த பிறகு ஒரு வாய் மேய்ஞ்சிருக்கு. உயிர் இல்லாத மாடு மேயாது. இப்போ கவனிங்க. பொதுநிதி பணம் குடுக்கறது விபத்துக்கு. விபத்து நடந்தது மேல. அதனால ஒட்டிலியாவுக்கு ஒரு ராப்பன் குறையாது. வழக்கம் வெச்சிருக்கறது சாவுக்கு. சாவு நடந்தது எல்லைக்கு வெளியே. மேய்ச்சல்ல இந்த வருஷம் எந்த மாடும் சாகவே இல்லை. அப்புறம் எதுக்கு வெறுங்கழுத்து?"

ஒவ்வொருவராகத் தலையை ஆட்டினார்கள். லோரன்ஸ் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டான். விடுதிக்காரர் இருநூறு பன்றித்தொத்திறைச்சிக்குச் சொல்லிவைத்திருந்தார், அவர் தலை மற்றவர்களைவிட வேகமாக ஆடியது. எங்கல்பெர்ட் மட்டும், "ஒட்டிலியா என்ன சொல்றா?" என்று கேட்டார்.

எல்லோரும் அவளைப் பார்த்தோம். அவள் மணியை மடியில் வைத்தாள்.

"மைன்ராடு, நீ சொல்றதை நான் சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டேனான்னு பார்க்கறேன். எனக்கு உன் அளவுக்குக் கணக்கு வராது. என் ஃபூக்ஸி மேல சாகலை."

"சாகலை."

"மேய்ச்சலை விட்டுப் போறப்போ உயிரோட இருந்தா."

"சத்தியமா. புல்லே சாட்சி."

"என் நிலத்துல, என் புல்லைத் தின்னுட்டுத்தான் போனா."

"அதைத்தான் நான் சொல்றேன், ஒட்டிலியா!" அத்தானின் குரலில் அப்படி ஓர் அன்பு. "குறுக்குவழியில வீட்டுக்கு வந்துட்டா, அவ்வளவுதான்."

"நல்லது. அண்ணே, அதை அப்படியே நோட்டுல எழுதிடுங்க. எல்லாரும் கையெழுத்துப் போடட்டும். வாய்ப்பேச்சு நாளைக்கு நிக்காது."

எங்கல்பெர்ட் எழுதினார். அவர் எழுதுவதைப் படித்துக்கொண்டே எழுதுவார்: "ஃபூக்ஸி என்ற மாடு, காலை ஒன்பது மணியளவில், குல்மி மேய்ச்சலை உயிரோடு விட்டிறங்கி, தன் சொந்தப் புல்வெளியில் இறந்தது." அத்தான் முதல் ஆளாய்க் கையெழுத்திட்டார். பெரிய எழுத்தில், அடிக்கோடு போட்டு. பிறகு எல்லோரும் போட்டார்கள். ஒட்டிலியா கடைசியில் போட்டுவிட்டு, பேனாவை மூடாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, அந்தப் பால் நோட்டையும் எடுங்களேன்."

"எதுக்கு?"

"மேய்ச்சலை விட்டு உயிரோட இறங்கின மாட்டுல அதிகம் கறந்தது எதுன்னு பார்த்துடலாம்."

அக்காள்தான் முதலில் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை. பிறகு லோரன்ஸ். பிறகு பாலாடைக்கட்டிக்காரன் கரண்டியைக் கீழே போட்டுவிட்டான். அத்தான் மட்டும் நின்ற இடத்தில் நின்றார். கணக்கில் ஒரு சுழி தவறிப்போனவர் முகம் எப்படி இருக்கும் என்று நான் அன்றுதான் பார்த்தேன்.

"செத்த மாட்டுக்கு எப்படிக் குடுப்பாங்க?" என்றார்.

"எங்கே செத்துச்சு?"

"அது... கீழ."

"கீழ நடக்கறது மேய்ச்சலுக்குச் சம்பந்தமில்லைன்னு யார் சொன்னது?"

"கடைசி நாள் வரைக்கும் இருக்கணும், ஒட்டிலியா. ரெண்டு நாள் முன்னாலயே இறங்கிட்டா!"

எங்கல்பெர்ட் பழைய பக்கத்தைப் புரட்டினார். "போன வருஷம் உன் மாட்டுக்குக் கால் வீக்கம்னு அஞ்சு நாள் முன்னால கூட்டிட்டுப் போனே, மைன்ராடு. நாலு அளவும் முடிஞ்சா முழுக்கோடையும் இருந்ததாத்தான் கணக்குன்னு நீதான் வாதாடினே. பாலாடைக்கட்டியில முழுப்பங்கு வாங்கினே. இங்கே எழுதியிருக்கு. உன் கையெழுத்து. இதுக்கும் அடிக்கோடு போட்டிருக்கே."

அத்தான் உட்கார்ந்துவிட்டார். மூவாயிரத்து இருநூறு அவளுக்கு உறுதி. பூவும் ஊர்வலமும் ஊருக்கு உறுதி. தொத்திறைச்சி விடுதிக்காரருக்கு உறுதி. எல்லோருக்கும் தேறியது, இவர் ஒருவருக்குத் தவிர. அதைச் செய்துகொடுத்தவரும் இவரே.

எங்கல்பெர்ட் நல்ல மனுஷர். குரலைத் தாழ்த்தி, "வேணும்னா எழுதினதை அடிச்சுடறேன். விழுந்தப்பவே செத்துப்போச்சுன்னு வெச்சுக்கலாம். யாருக்கும் இதயமில்லை. வெறுங்கழுத்தோட இறங்கிடலாம். நீ சொன்னாத்தான்" என்றார்.

ஒட்டிலியா மணியின் நாக்கை விரலால் பிடித்திருந்தாள், சத்தம் வராதபடி. அத்தான் அவளைப் பார்த்தார். பூப்பெட்டியைப் பார்த்தார். தன் கறுப்பு நோட்டைத் திறந்து, அதிலும் எதையோ தேடினார். கிடைக்கவில்லைபோல. மூடினார்.

"அடிக்க வேண்டாம். மை தண்டம்" என்றார்.

அப்போது லோரன்ஸ் ஒரு கேள்வி கேட்டான். நியாயமான கேள்வி. "மாமா, இதயத்தை யார் நெத்தியில கட்டறது?"

இதயம் மேய்ச்சலிலிருந்து தொழுவம்வரை நடந்து போகவேண்டும். வண்டியில் ஏற்றக்கூடாது. அதுவும் வழக்கம். ஒட்டிலியாவின் இன்னொரு மாடு கர்ப்பம், ஆகஸ்டிலேயே கீழே போய்விட்டது.

ஒட்டிலியா, "பெர்லா நெத்தியில கட்டுங்க. என் தொழுவம் வரைக்கும் அவ கொண்டுவந்து குடுக்கட்டும். ரெண்டாவதா வந்தவ முதல்ல வந்தவளுக்குச் சுமக்கறது தப்பில்லை" என்றாள்.

அத்தான் துள்ளி எழுந்தார். "என் மாடு அடுத்தவ இதயத்தைத் தூக்கிட்டு ஊருக்குள்ள வராது! அவ மானஸ்தி!"

"அப்ப யார் தூக்கறது?"

"நானே தூக்கறேன்!" என்று சொல்லிவிட்டார்.

சொன்னபிறகு சொன்னதுதான். அந்தக் குடிசையில் பதினெட்டுப் பேர் இருந்தோம். எங்கல்பெர்ட் பேனாவைக்கூட எடுத்துவிட்டார். "இதையும் எழுதிக்கவா?"

இறங்கின அன்று வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. அறுபத்துமூன்று மாடும் பூ வைத்து, பெரிய மணிகட்டி, வளைந்து வளைந்து இறங்கின. அவற்றுக்கு முன்னால் எங்கள் அத்தான். நீலச் சட்டை, கறுப்புத் தொப்பி, கழுத்தில் கயிறுகட்டித் தொங்கவிட்ட சிவப்பு இதயம், ஒரு முழ அகலம். ஒவ்வோர் அடிக்கும் அது அவர் வயிற்றில் இடித்தது. அவருக்குப் பின்னால் பெர்லா, நெற்றியில் சாதாரணக் காகிதப்பூ, எதையும் கண்டுகொள்ளாமல். பக்கத்தில் ஒட்டிலியா, கையில் ஃபூக்ஸியின் மணி. நானும் அக்காளும் ஓரமாக நடந்தோம். அக்காளுக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது, நின்று நின்றுதான் வந்தாள்.

ஊர் எல்லையில் ஜனம் நின்றது. முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு விஷயம் பரவியது, மணிச்சத்தத்தைவிட வேகமாக.

"அடே மைன்ராடு! இந்த வருஷம் எத்தனை கிலோ கறந்தே?" என்று ஒற்றைக் கண் மைன்ராட் விடுதி வாசலிலிருந்து கத்தினார்.

அத்தான் நிற்கவில்லை. "ஒன்றேகால் கிலோ கம்மி!" என்று திருப்பிக் கத்தினார்.

ஊரே கைதட்டியது. தபால்கார மைன்ராட் ஓடிவந்து அவருடைய பல்லைப் பிடித்துப் பார்த்தார். "நல்ல வயசு. என்ன விலை சொல்றே, வால்புர்கா?"

"மாவு, தவிடு எல்லாம் நிறையத் தின்னும். யோசிச்சு வாங்குங்க" என்றாள் அக்காள்.

சுற்றுலா வந்த வெளியூர்க்காரர்கள் படம் எடுத்தார்கள். இது எங்கள் ஊரின் ஆதிகாலத்து வழக்கம் என்று நினைத்திருப்பார்கள். முதல் வளைவில் அத்தான் தலை குனிந்திருந்தது. தேவாலயம் வரும்போது நிமிர்ந்துவிட்டது. கடைசி இறக்கத்தில் சாலையோரம் நின்ற ஒரு கிழவர் தொப்பியை எடுத்தபோது, அத்தான் கழுத்தை ஆட்டினார், மாடு ஆட்டுகிறாற்போல. யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

ஒட்டிலியாவின் தொழுவத்துக்கு முன்னால் மந்தை நின்றது. அத்தான் கயிற்றைத் தலைவழியாகக் கழற்றினார். பின்கழுத்தில் சிவப்பாய்த் தடம் பதிந்திருந்தது. ஒட்டிலியா இதயத்தை வாங்கி, ஏப்ரனால் துடைத்து, அதில் ஃபூக்ஸி என்று லோரன்ஸ் எழுதியிருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தபடி கொஞ்சநேரம் நின்றாள். இரண்டு நாளாக வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது. மாடுகள் மணியை அசைத்துக்கொண்டிருந்தன.

மூக்கைச் சிந்திக்கொண்டு அவள் அத்தானைப் பார்த்தாள்.

"என் ஃபூக்ஸி நல்லாத்தான் இறங்கினா" என்றாள்.

அத்தான் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"நல்லாத்தான் இறங்கினேன். தேவாலயத்து வளைவுல மட்டும் கொஞ்சம் கால் வழுக்கிச்சு" என்றார்.